காப்பகப் பூனைகளுக்கு வீடு தேடிய வரலாறு

ஆதரவற்ற விலங்குகளுக்கென்று காப்பகங்கள் முதன்முதலில் எழுந்தபோது அவற்றில் பூனைக்கு இடம் இருக்கவில்லை. 1860ஆம் ஆண்டு லண்டனின் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்ற பெண்மணி தொடங்கிய இல்லம், வழிதவறியும் பட்டினி கிடந்தும் திரியும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்றே பெயர் வைத்துக்கொண்டது. டைம்ஸ் நாளிதழ் அந்த முயற்சியை ஏளனம் செய்தது. 1862இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திவந்த வார இதழில் இல்லத்தைப் பற்றிப் பரிவான கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதன் பிறகு பலருடைய பார்வை மாறியது. 1871இல் இல்லம் பேட்டர்சீக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பூனைகளைச் சேர்க்கத் தொடங்கியது 1883இல்தான். நிறுவனத்தின் பெயரில் பூனை என்ற சொல் இடம்பெற 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாய்க்கும் பூனைக்கும் இடையே இருந்த இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. காணாமல் போன நாயைத் தேடி வீட்டுக்காரர் வருவார். எலி பிடிப்பதற்காகக் கிடங்கிலும் கொல்லையிலும் வளரவிடப்பட்ட பூனை ஒரு நாள் வராமல் போனால், போன இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். இந்த மனநிலை நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் முழுதாக மாறவில்லை. அமெரிக்காவின் விலங்கு வதைத் தடுப்புக் கழகம் 2010களில் வெளியிட்ட மதிப்பீடு ஒன்றின்படி, தெருவிலிருந்து காப்பகத்துக்கு வந்து சொந்தக்காரரிடமே திரும்பிச் சென்ற விலங்குகள் ஆண்டுக்குச் சுமார் 7,10,000. அவற்றில் நாய்கள் 6,20,000. பூனைகள் வெறும் 90,000. காப்பகத்துக்குள் வந்த நாய்க்கு வெளியேற இரண்டு வழிகள் இருந்தன என்றால், பூனைக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான்: முன்பின் தெரியாத ஒருவர் வந்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூனையைத் தத்து கொடுப்பதற்காகக் காப்பகங்கள் கண்டுபிடித்த அத்தனை உத்திகளும் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை.

தொடக்கக் காலக் காப்பகங்கள் அந்த முன்பின் தெரியாத மனிதரை அதிகம் தேடவில்லை. அமெரிக்காவில் 1869இல் கரோலைன் ஏர்ல் வைட் தலைமையில் பிலடெல்பியா மகளிர் விலங்குநல அமைப்பு தோன்றியது. 1899இல் பாஸ்டனில் ஆனா ஹாரிஸ் ஸ்மித் விலங்கு மீட்புக் கழகத்தை நிறுவினார். தெரு விலங்குகள் அடித்தும் மூழ்கடித்தும் கொல்லப்பட்ட காலத்தில், வலியில்லாத சாவைத் தருவதே பெருங்கருணையாக இவர்களுக்குத் தோன்றியது. அந்தக் காலத்தின் கொடுமையை அறிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஏற்பாடு வழக்கமாக இறுகிப்போனது. நியூயார்க் நகரில் தெரு விலங்குகளைப் பிடித்து அடைக்கும் பொறுப்பை 1894 முதல் 1994 வரை, சரியாக நூறு ஆண்டுகள், விலங்கு வதைத் தடுப்புக் கழகமே சுமந்தது. விலங்குகளைக் காக்கப் பிறந்த அமைப்பின் அன்றாட வேலை அவற்றைக் கொல்வதாக மாறியது. இத்தகைய இடத்துக்கு மனமுவந்து போக எவரும் விரும்பவில்லை. ஊருக்கு வெளியே, குப்பைக் கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அருகில் கட்டப்பட்டிருந்த காப்பகங்கள் பலவற்றுக்குப் போவதும் எளிதாக இல்லை. பூனைகளுக்கென்றே தனி அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் பிரிட்டனில் 1927இல் செயல்வடிவம் பெற்றது. லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் கூடியவர்கள் பூனைப் பாதுகாப்புக் கழகத்தை அன்று தொடங்கினர். இன்று அந்நாட்டில் பூனைகளுக்கு வீடு தேடித் தரும் மிகப் பெரிய அமைப்பு அதுதான்.

பூனை வீட்டுக்குள் வந்ததில் காப்பகங்களைவிட ஒரு களிமண் வியாபாரிக்குப் பங்கு அதிகம். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்ற இளைஞர், எண்ணெய்க் கறையை உறிஞ்சுவதற்காகத் தொழிற்சாலைகளுக்கு விற்றுவந்த உலர்ந்த களிமண் துகள்களைப் பூனை மலம் கழிக்கும் தட்டில் போட்டுப் பார்க்கும்படி அண்டை வீட்டாருக்குத் தந்தார். அதுவரை சாம்பலும் மணலும் மரத்தூளும்தான் பயன்பட்டுவந்தன. நாற்றத்தை அடக்கிய இந்தக் களிமண் வீட்டின் தோற்றத்தையே மாற்றியது. விற்கக் கொண்டுபோனபோது, மணல் சும்மா கிடைக்க இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் தயங்கியதால், முதலில் இலவசமாகவே கொடுக்கச் சொன்னார் லோ. பெற்றவர்கள் காசு கொடுத்து வாங்கத் திரும்பி வந்தார்கள். இரவில் வெளியே துரத்தப்பட்ட பூனை இனி அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வாழலாம் என்றானது. பூனைக்கு வீடு கிடைப்பதற்கு முதலில் வீடு பூனைக்கு ஏற்றதாக வேண்டியிருந்தது.

தத்து கொடுப்பதை வணிகத் திறமையோடு அணுக வேண்டும் என்று முதலில் துணிந்து சொன்னவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் லியூயிட். வாக்குவம் கிளீனர் தயாரித்துச் செல்வம் ஈட்டியவர் அவர். நியூயார்க் அருகே லாங் தீவில் 1944இல் தொடங்கப்பட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்த நார்த் ஷோர் விலங்குக் கழகத்தின் பொறுப்பில் 1969இல் அவரும் அவருடைய மனைவி எலிசபெத்தும் சேர்ந்தனர். பொருளை விற்கக் கையாண்ட வழிகளை, அதாவது விளம்பரம், வீடு தேடிச் செல்லும் கடிதம், வருபவரை வரவேற்கும் கூடம் ஆகியவற்றை, அவர் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். உயிரைப் பண்டமாக்குவதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பண்டத்துக்குக் கிடைக்கும் கவனம்கூட உயிருக்குக் கிடைக்கவில்லை என்பதே அப்போதைய உண்மை நிலை. விற்பனைக்கூடத்து நாய்க்குட்டி பளிச்சென்ற கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்திருக்க, காப்பகத்துப் பூனை இருட்டறையில் கம்பிக்குப் பின்னே கிடந்தது.

கம்பிக்குப் பின்னே கிடந்த அத்தகைய பூனை ஒன்று நாடறிந்த முகமானதும் அதே காலத்தில்தான். 1968இல் விலங்குப் பயிற்சியாளர் பாப் மார்ட்விக், இல்லினாய் மாநிலத்தின் ஹின்ஸ்டேல் காப்பகத்தில் கொல்லப்படவிருந்த செம்பழுப்பு நிறக் கடுவன் ஒன்றை ஐந்து டாலர் கொடுத்துக் கூட்டிவந்தார். மாரிஸ் என்று பெயர் பெற்ற அது, நைன் லைவ்ஸ் என்ற பூனை உணவின் தொலைக்காட்சி விளம்பரங்களில் வந்தது. எதைக் கொடுத்தாலும் மூக்கைத் திருப்பிக்கொள்ளும் அதன் மிடுக்கு மக்களுக்குப் பிடித்துப்போனது. 1978இல் மாரிஸ் இறந்தபின் அதே பெயரில் வந்த பூனைகளும் காப்பகங்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டன. 2006இல் அந்த நிறுவனம் பத்து லட்சம் பூனைகளுக்கு வீடு தேடும் இலக்கோடு பேருந்து ஒன்றை ஊர் ஊராக அனுப்பியது. காப்பகத்துப் பூனை என்றால் நோஞ்சான், யாரோ வேண்டாமென்று தள்ளியது என்ற எண்ணத்தை உடைத்ததில் மாரிஸ் செய்த வேலையை எந்தத் துண்டறிக்கையும் செய்திருக்க முடியாது.

பூனைகள் வெயில் காலத்தில் குட்டி போடும். வசந்தம் பிறந்தவுடன் காப்பகங்களின் வாசலில் அட்டைப் பெட்டிகள் வந்து சேரும். கோடையில் கூண்டுகள் நிரம்பி வழியும். அமெரிக்க மனிதநேயச் சங்கம் 1974 முதல் ஜூன் மாதத்தைப் பூனைத் தத்தெடுப்பு மாதமாகக் கொண்டாடி வருவது இதை எண்ணித்தான்.

உத்திகளின் வரலாற்றில் பெரிய திருப்பம் சான்பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்தது. அந்நகரின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நடத்திய ரிச்சர்ட் அவன்சினோ, 1987இல் யூனியன் சதுக்கத்திலுள்ள மேசிஸ் பேரங்காடியின் கிறிஸ்துமஸ் காட்சி ஜன்னல்களில் நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஊருக்கு வெளியே இருந்த காப்பகத்துக்கு வராதவர்கள், ஊரின் நடுவே கடைவீதியில் நின்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. 1989இல் நகராட்சிக்காகத் தெரு விலங்குகளைப் பிடித்துக் கொல்லும் ஒப்பந்தத்தை அவன்சினோ கைவிட்டார். 1994இல் நகர நிர்வாகத்தோடு புதிய உடன்பாடு கண்டார்: நலமாக உள்ள, வீட்டுக்கு ஏற்ற எந்த நாயும் பூனையும் கொல்லப்படாது, நகரக் காப்பகம் இடம் தேட முடியாதவற்றைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும். வாக்குக் கொடுத்தபின் அதைக் காப்பாற்றத் தத்து கொடுத்தே ஆக வேண்டும் அல்லவா? 1998இல் சங்கம் திறந்த தத்தெடுப்பு மையத்தில் கூண்டுகளே இல்லை. பூனைகள் நாற்காலியும் தொலைக்காட்சியும் வைத்த சிறு அறைகளில் வாழ்ந்தன. இது வீண் ஆடம்பரம் என்று பலர் கண்டித்தனர். ஆயினும் வருபவர் அந்த அறையில் உட்கார்ந்தவுடன், தன் வீட்டு நாற்காலியில் அந்தப் பூனை எப்படி இருக்கும் என்று கண்ணாரக் கண்டார். அதுவே செலவுக்கு விடை.

1990களில் மற்ற ஊர்களும் விழித்துக்கொண்டன. வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை விற்கும் பெட்ஸ்மார்ட் கடைகள், நாய் பூனைகளை விற்பதற்குப் பதிலாகக் காப்பகங்களின் விலங்குகளுக்குக் கடைக்குள்ளேயே இடம் ஒதுக்கின. 1995இல் நார்த் ஷோர் கழகம் தொடர் தத்தெடுப்புத் திருவிழாவைத் தொடங்கியது. 1996இல் நியூஜெர்சியில் பிறந்த பெட்ஃபைண்டர் இணையப் பட்டியல், காப்பகத்தின் கதவைத் தாண்டாமலே பூனையின் முகத்தைப் பார்க்கும் வசதியைத் தந்தது. 1999இல் சான்டியேகோ வட்டாரக் காப்பகங்கள் பதினான்கு சேர்ந்து பண்டிகைக் காலத் தத்தெடுப்பு இயக்கம் நடத்தின. அதுவரை கிறிஸ்துமஸ் சமயத்தில் தத்து கொடுக்கவே கூடாது, பரிசாகப் போகும் விலங்கு தெருவுக்கு வந்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. காப்பகம் மறுத்தால் கடையில் வாங்குவார்கள் என்ற எளிய உண்மை அந்த அச்சத்தை வென்றது.

இவற்றில் எது உண்மையிலேயே பலன் தருகிறது என்று ஆராயும் பழக்கம் 2000களில் வந்தது. கனடாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, பல பேர் மாறி மாறிக் கையாளாமல் ஒரே ஆள் ஒரே முறையில் கவனித்த, ஒளிந்துகொள்ளவும் ஏறி உட்காரவும் இடம் பெற்ற பூனைகளை மக்கள் அதிகம் தேர்ந்தெடுத்ததாகக் காட்டியது. 2010இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வின்படி, பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்கும் கூண்டும் அதற்குள் கிடக்கும் விளையாட்டுப் பொருளும் மக்களை நெடுநேரம் நிற்கவைத்தன. பூனை அந்தப் பொருளோடு விளையாட வேண்டும் என்றுகூட இல்லை. அச்சத்தில் மூலையில் சுருண்டு கிடக்கும் பூனையைப் பார்ப்பவர் முரட்டுப் பூனை என்று எண்ணிக் கடந்துபோகிறார். அதன் அச்சத்தைத் தணிப்பதே அதற்கான விளம்பரம் ஆகிறது.

கட்டணம் பற்றிய விவாதம் எல்லாவற்றையும்விடச் சூடானது. இலவசமாகக் கிடைத்த பூனையை எவரும் மதிக்கமாட்டார்கள் என்பது காப்பகப் பணியாளர்களின் நெடுநாள் நம்பிக்கை. எமிலி வைஸும் ஷானன் கிரமானும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, காசு கொடுத்துப் பெற்றவர்களுக்கும் காசில்லாமல் பெற்றவர்களுக்கும் பூனைமீதுள்ள பற்றில் வேறுபாடு இல்லை என்று கண்டது. வளர்ந்த பூனைகளுக்குக் கட்டணத்தை நீக்கும் முடிவைப் பல காப்பகங்கள் எடுக்க இது துணிவு தந்தது. குட்டிகளை எல்லோரும் கேட்பார்கள். ஐந்து வயதுப் பூனையைக் கேட்க ஆளிருக்காது. கட்டணச் சலுகை போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான்.

அதே எமிலி வைஸ் உருவாக்கிய பூனைக் குண வகைப்பாடு, இத்துறையில் தோன்றிய மிக நேர்மையான உத்தி எனலாம். பூனையின் துணிச்சலையும் மனிதரோடு ஒட்டும் தன்மையையும் சோதித்து, அதை ஒன்பது வகைகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு வகைக்கும் ரகசிய ரசிகர், துப்பறிவாளர், தனிச் செயலர் என்ற போக்கில் ஒரு பெயர்; ஊதா, ஆரஞ்சு, பச்சை என மூன்று நிறங்களில் ஒன்று. பூனை தேடி வருபவரும் தன் வீட்டு நிலவரம் பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதி அதே நிறங்களில் ஒன்றைப் பெறுவார். கட்டிலுக்கடியில் இரண்டு வாரம் ஒளிந்திருக்கும் கூச்சப் பூனை இது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அமைதியான வீட்டில் இருக்கும் ஒருவர் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார். நிறத்தையும் கண்ணழகையும் மட்டும் பார்த்துக் கொண்டுபோன பூனை குணம் ஒத்துவராமல் திரும்பி வரும் துயரத்தைக் குறைப்பதே இதன் நோக்கம்.

கிழக்கு ஆசியா வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1998இல் தைவானின் தைபே நகரில் பூனைகள் உலாவும் தேநீர்க் கடை ஒன்று திறக்கப்பட்டது. உலகின் முதல் பூனைக் கஃபே என்று அதையே சொல்கிறார்கள். அங்கே வந்த ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளின் ஆர்வம் கடல் கடந்தது. 2004இல் ஒசாகாவில் ஜப்பானின் முதல் பூனைக் கஃபே தோன்றியது. வாடகைக் குடியிருப்புகள் பலவற்றில் விலங்கு வளர்க்கத் தடை உள்ள நாட்டில், மணிக்கணக்குக்குப் பணம் கட்டிப் பூனையோடு அமர்ந்திருக்க மக்கள் திரண்டனர். தொடக்கத்தில் இவை பெரும்பாலும் உயர்சாதிப் பூனைகளைக் காட்டிப் பணம் ஈட்டும் கடைகள்தான். மீட்கப்பட்ட பூனைகளை வைத்து, விரும்பியவருக்குத் தத்து கொடுக்கும் கஃபேக்கள் பின்னர் கிளைத்தன; 2014இல் கிஃபு நகரில் தொடங்கிய நெகோ ரிபப்ளிக் அவற்றில் பெயர் பெற்றது. அதே கிஃபு மாநிலத்தில் 2017 செப்டம்பரில் யோரோ ரயில் நிறுவனம் மீட்புக் குழு ஒன்றோடு சேர்ந்து, காப்பகப் பூனைகள் சுமார் முப்பதை ரயில் பெட்டிகளில் உலாவவிட்டு நாற்பது பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியது. கொல்லப்படும் பூனைகளைப் பற்றி ஊரைப் பேசவைப்பதே அதன் குறிக்கோள்.

இந்தக் கஃபே முறையை அமெரிக்காவில் நிலையாக ஊன்றியது ஓக்லாந்தின் கேட் டவுன். 2014 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்த இடம், நகரக் காப்பகத்தின் இரைச்சலில் ஒடுங்கிப்போய் எவர் கண்ணிலும் படாத பூனைகளைத் தேடி எடுத்துவந்தது. சுகாதார விதிகளுக்காகக் காபி குடிக்கும் பகுதியும் பூனைகள் திரியும் பகுதியும் சுவரால் பிரிக்கப்பட்டன. பூனை எடுக்கும் எண்ணமே இல்லாமல் காபி குடிக்க வந்தவரும் இங்கே பூனையைச் சந்தித்தார். மும்பை வெர்சோவாவில் தெருப்பூனைகளை மீட்டு வைத்த கஃபே ஒன்று இந்தியாவிலும் இந்த வழியைப் பின்பற்றியது.

பேட்டர்சீ இல்லம் 2011 பிப்ரவரியில் பெற்ற விளம்பரம் வேறெந்தக் காப்பகத்துக்கும் வாய்க்காதது. பிரிட்டன் பிரதமரின் டவுனிங் தெரு வீட்டு வாசலில் எலி ஒன்று தொலைக்காட்சிக் கேமராவில் சிக்கிய பிறகு, எலி பிடிக்க இந்த இல்லத்திலிருந்து லாரி என்ற தெருப்பூனை அழைத்துவரப்பட்டது. டேவிட் கேமரன் தொடங்கி கியர் ஸ்டார்மர் வரை ஆறு பிரதமர்களின் காலத்தில் அது அதே வாசலில் உட்கார்ந்திருந்தது. லாரியைப் பற்றி எழுதும் ஒவ்வொரு செய்தியிலும் பேட்டர்சீயின் பெயரும் வந்தது. 2016இல் வெளியுறவு அலுவலகத்துக்குப் பாமர்ஸ்டனும் நிதி அமைச்சகத்துக்கு கிளாட்ஸ்டனும் அதே இல்லத்திலிருந்து சென்றன.

இணையம் வந்தபின் உத்திகள் பெருகின, எல்லாமே நிலைக்கவில்லை. 2013இல் ஊபர் நிறுவனம் நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ, சியாட்டில் நகரங்களில் இருபது டாலருக்குப் பதினைந்து நிமிடம் பூனைக்குட்டிகளை அலுவலகத்துக்கே கொண்டுவந்து காட்டியது. பலர் பார்த்த அந்த ஒரு நாள் கூத்து குட்டிகளுக்கு அலைச்சலாகவும் இருந்தது. பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் மாவட்டக் காப்பகம் அதே ஆண்டில் தொடங்கிய திட்டம் அதற்கு நேர்மாறானது. படிக்கத் திணறும் சிறுவர்கள் வந்து பூனைகளுக்கு முன் அமர்ந்து கதை வாசித்தார்கள். பிழை திருத்தாமல் கேட்கும் செவி பிள்ளைகளுக்குக் கிடைத்தது. மனிதக் குரலுக்குப் பழகும் வாய்ப்பு பூனைகளுக்குக் கிடைத்தது. சிறுவன் ஒருவன் வாசிக்கும் படம் உலகெங்கும் பரவ, பல நாட்டுக் காப்பகங்கள் அதைப் பின்பற்றின. செலவே இல்லாத இந்த யோசனை, பெரும்பொருள் கொட்டிய பலவற்றைவிட மேலானது. கருப்புப் பூனைகளுக்கெனத் தனி நாள் குறிப்பதும் பலன் தந்தது. அபசகுனம் என்ற மூடநம்பிக்கையாலும் படத்தில் முகம் தெளிவாக விழாததாலும் அவை காப்பகத்தில் நெடுநாள் தங்கிவிடுகின்றன என்று கண்ட பிரிட்டனின் பூனைப் பாதுகாப்புக் கழகம், 2011 முதல் அக்டோபர் 27ஐ அவற்றுக்கான நாளாகக் கொண்டாடுகிறது.

2014இல் கால்நடை மருத்துவர்கள் கேட் ஹர்லியும் ஜூலி லெவியும் ஐந்து ஆண்டுகளில் பத்து லட்சம் பூனைகளைக் கூடுதலாகக் காப்பது என்ற அறைகூவலை வட அமெரிக்கக் காப்பகங்களுக்கு விடுத்தனர். வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், வீட்டுச் சோதனை, பக்கம் பக்கமான விண்ணப்பம் என்று தத்தெடுப்போரை விரட்டிய தடைகளை நீக்குவது அவர்கள் சொன்ன ஐந்து வழிகளில் ஒன்று. குறித்த காலத்துக்கு முன்பே இலக்கு எட்டப்பட்டது. விலங்கு வதைத் தடுப்புக் கழகத்தின் மதிப்பீட்டில், அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுதோறும் கொல்லப்பட்ட நாய் பூனைகள் 2011இல் சுமார் 26 லட்சம்; 2019இல் சுமார் 9,20,000. அந்த 9,20,000இல் பூனைகள் 5,30,000. இந்த இறக்கத்தில் தத்தெடுப்புக்கு இணையான பங்கு கருத்தடைக்கும் உண்டு. 1971இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனையைத் திறந்தபோது தொடங்கிய அந்த வேலை நடந்திராவிட்டால், எத்தனை ஜன்னல்களில் எத்தனை குட்டிகளை வைத்தாலும் கூண்டுகள் காலியாகியிருக்காது.

எந்த உத்தியும் சட்டத்தின் முன் நின்றுவிடும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர், தமிழர்கள் உட்பட, வசிக்கும் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் பூனை வளர்ப்பது 1989 முதல் தடைசெய்யப்பட்டிருந்தது. 1999இல் தோன்றிய பூனை நலச் சங்கமும் தன்னார்வலர்களும் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து, வீடு தேடித் தந்து, தடையை நீக்குமாறு ஆண்டுக்கணக்கில் கோரிவந்தனர். 2024 செப்டம்பர் 1 முதல், உரிமம் பெற்று ஒவ்வொரு குடியிருப்பிலும் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு.